87 சதவீத 'ஆம்': கியூபாவின் 2019 அரசியல் சாசன வாக்கெடுப்பை எப்படி வாசிப்பது?

#1 கரிசல்மண்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாகக் கியூபாவின் புதிய அரசியல் சாசனத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மொத்தம் 229 பிரிவுகள். 2019 பிப்ரவரி 24 அன்று அந்த நாட்டு மக்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "குடியரசின் புதிய அரசியல் சாசனத்தை நீங்கள் ஏற்கிறீர்களா?" ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். 16 வயது ஆனவர்களுக்கே அங்கே ஓட்டு உண்டு. மறுநாள் தேர்தல் ஆணையத் தலைவர் அலினா பல்செய்ரோ கணக்கை அறிவித்தார். ஆம் 68,16,169. இல்லை 7,06,400. விழுந்த வாக்குகளில் 86.85 சதவீதம் 'ஆம்'.

என்னைத் தூங்கவிடாதது இதுதான். வரைவை எழுதிய 33 பேர் குழுவுக்குத் தலைவர் ராவுல் காஸ்ட்ரோ, அப்போது கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர். ஒரே கட்சி. தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை எல்லாம் அரசின் கையில். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்னால் 2018 ஆகஸ்ட் 13 முதல் நவம்பர் 15 வரை தெருத்தெருவாக, ஆலை ஆலையாகக் கூட்டம் போட்டு வரைவைப் படித்துக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். 1,33,681 கூட்டங்கள்! அதற்குப் பிறகு வரைவின் பிரிவுகளில் சுமார் 60 சதவீதம் ஏதோ ஒரு விதத்தில் மாறியது.

நாடகம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மக்கள் தீர்ப்பு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

#2 தொழிற்சங்கத்தார் மகன்

தம்பி, நல்ல இழை. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம். சோவியத் உடைந்து கியூபா பட்டினியில் கிடந்த 1990களின் தொடக்கத்தில், இங்கிருந்து இடதுசாரிகள் ஒரு கப்பல் கோதுமை அனுப்பினார்கள். அதற்காக உண்டியல் குலுக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

நம் சாசனத்தை எந்த வாக்காளரிடம் கேட்டோம்? 1949 நவம்பர் 26 அன்று அதை ஏற்றது அரசியல் நிர்ணய சபை. அந்தச் சபையில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாகாண சட்டமன்றத்தார். அந்தச் சட்டமன்றங்களுக்கு ஓட்டுப் போடும் உரிமையே சொத்தும் படிப்பும் வரியும் உள்ள சிலருக்குத்தான் இருந்தது. அதனால் நம் சாசனம் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. கியூபாவில் 7,83,174 முன்மொழிவுகள் வந்தன, அத்தனையையும் பதிவு செய்து வகை பிரித்தார்கள். 'கம்யூனிச சமுதாயத்தை நோக்கி' என்ற சொல்லையே முதல் வரைவில் எடுத்துவிட்டார்கள். கூட்டங்களில் ஜனங்கள் கேட்டார்கள், 5ஆம் பிரிவில் திரும்ப வந்தது. மேலிருந்து எடுத்ததைக் கீழிருந்து கேட்டு வாங்கினார்கள். இது சின்ன விஷயமா?

#3 வாய்தா அக்கா

நான் வழக்கறிஞர், 27 வருஷத் தொழில். தோழர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. இந்தச் சாசனத்தில் நான் மனதார வரவேற்கும் பிரிவுகள் இருக்கின்றன. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்பது எழுத்தில் ஏறியது. ஆட்கொணர்வு மனு ஏறியது. தனியார் சொத்துக்கு இடம் கிடைத்தது. ஜனாதிபதிக்கு ஐந்தாண்டு வீதம் தொடர்ந்து இரண்டு முறைதான். முதல் முறை வரும்போது வயது 60ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருந்தது, அதை 2025இல் எடுத்துவிட்டார்கள். பிரதமர் பதவி திரும்ப வந்தது. 1976 சாசனத்தைப் படித்தவர்களுக்கு இவை எவ்வளவு பெரிய நகர்வு என்று தெரியும்.

இப்போது மற்றது. 5ஆம் பிரிவு: கம்யூனிஸ்ட் கட்சிதான் சமூகத்துக்கும் அரசுக்கும் மேலான வழிகாட்டும் சக்தி. 4ஆம் பிரிவு: இந்த சோசலிச முறை திரும்பப் பெற முடியாதது, இதைக் கவிழ்க்க வருபவரை எதிர்த்து, வேறு வழி இல்லாதபோது ஆயுதம் ஏந்தியும் போராட குடிமக்களுக்கு உரிமை உண்டு. கடைசி 229ஆம் பிரிவு என்ன சொல்கிறது? திரும்பப் பெற முடியாது என்று 4ஆம் பிரிவு சொன்னதை எந்தக் காலத்திலும் திருத்த முடியாது.

ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் கூட்டங்களில் குரல் வந்தது. அது ஏற்கப்படவில்லை, அவர்களுடைய நாடாளுமன்றமான தேசியப் பேரவைதான் தேர்ந்தெடுக்கும். 'கம்யூனிசம்' என்ற சொல்லைத் திரும்பக் கேட்டால் கிடைக்கிறது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டைக் கேட்டால் கிடைப்பதில்லை. கோரிக்கையைக் கேட்டார்களா என்பதோடு நின்றுவிடாதீர்கள் தம்பி. எந்தக் கோரிக்கை உள்ளே போனது, எது வாசலிலேயே நின்றது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். வழக்குக் கட்டைப் படிப்பது அப்படித்தான்.

#4 முத்துநகர் கப்பல்காரன்

நான் அந்தச் சமயத்துல அங்க இருந்தேன். பிப்ரவரி மூணாவது வாரம் எங்க கப்பல் மரியேல் துறைமுகத்துல. கியூபா போற கப்பல்னாலே ஆபீஸ்ல யோசிப்பாங்க, ஏன்னா அங்க தொட்டுட்டு வந்தா 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்துல சரக்கு ஏத்தவோ இறக்கவோ முடியாது. அது தனிக் கதை.

ஹவானாவுக்குள்ள போனோம். ஒரு மாசம் முன்னாடி, ஜனவரி 27 ராத்திரி, ஊருக்குள்ள சுழற்காத்து அடிச்சிருக்கு. ரெக்லா பக்கம் கூரை இல்லாத வீடுங்க, தார்ப்பாய் கட்டி ஜனங்க இருந்தாங்க. அந்தத் தெருவுலயும் 'யோ வோதோ சி', அதாவது 'நான் ஆம் போடுறேன்'னு எழுதின தாள். கடைக் கண்ணாடியில, பஸ்ஸுல, டிவியில எல்லாத்துலயும் அதுதான். 'நோ'ன்னு ஒரு தாளை நான் பாக்கல. ஒரு சுவத்துலகூட இல்ல.

24ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்து வாசல் வழியாப் போறப்ப எட்டிப் பாத்தேன். ஓட்டுப் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் கழுத்துல துணி கட்டின சின்னப் பிள்ளைங்க நிக்குது. போலீஸ் இல்ல, துப்பாக்கி இல்ல. ஒருத்தர் சீட்டைப் போட்டதும் பிள்ளைங்க கையைத் தூக்கி சல்யூட் வெச்சு "வோதோ!"ன்னு சொல்லுதுங்க. 'ஓட்டுப் போட்டாச்சு'ன்னு அர்த்தம். அதைப் பாத்து நெஞ்சு நெகிழ்ந்துதான் போச்சு.

#5 கணக்கப்பிள்ளை

எண்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பேசுவோம், இல்லையென்றால் வாதம் வழுக்கும்.

86.85 என்பது பெட்டியில் விழுந்த 78,48,343 சீட்டுகளில். அதில் எதுவும் குறிக்காமல் போட்டவை 1,98,674. செல்லாதவை 1,27,100. இவற்றைக் கழித்துவிட்டு ஆம், இல்லை இரண்டை மட்டும் எடுத்தால் 'ஆம்' 90.6 ஆகிறது. மாறாக, வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரையும் வைத்துப் பார்த்தால் 73.3தான். ஒரே வாக்கெடுப்புக்கு மூன்று விதமான சதவீதக் கணக்கு, மூன்றும் உண்மை. யார் எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'இல்லை'யின் வரலாறு. 1976 பிப்ரவரி 15, முதல் சோசலிச சாசனத்துக்கான வாக்கெடுப்பு: 97.7 சதவீதம் ஆம், இல்லை வெறும் 54,070. 2019இல் 7,06,400. 2022 செப்டம்பர் 25, குடும்பச் சட்டத்துக்கான வாக்கெடுப்பு: 'இல்லை' 19 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல், செல்லுபடியான வாக்குகளில் 33 சதவீதம். வாக்களிக்க வந்தவர்களும் 1976இல் 98 சதவீதம், 2022இல் 74 சதவீதம்.

இந்த எண்களை வெளியிட்டது எதிர்க்கட்சியோ வெளிநாட்டு நிறுவனமோ இல்லை, கியூப அரசு. அதனால்தான் அவற்றுக்கு இவ்வளவு எடை.

#6 தொழிற்சங்கத்தார் மகன்

கணக்கப்பிள்ளை அவர்களே, உங்கள் எண்களே என் பக்கம் பேசுகின்றன. 7 லட்சம் பேர் 'இல்லை' போட்டார்கள், அது எண்ணப்பட்டது, அறிவிக்கப்பட்டது. வாக்குச்சாவடியில் எண்ணும்போது ஊர்க்காரர் யாரும் போய் நின்று பார்க்கலாம். மோசடி செய்ய நினைக்கும் அரசு 99 என்று போட்டுக்கொள்ளாதா?

#7 வாய்தா அக்கா

தோழர், எண்ணிக்கையில் திருட்டு என்று நான் சொல்லவே இல்லை. எண்ணுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. கப்பல்கார அண்ணன் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: ஒரு 'நோ' தாள்கூட இல்லை. 2018 டிசம்பர் 6 அன்றுதான் அங்கே கைப்பேசிக்கு 3ஜி இணையம் வந்தது. அந்த இரண்டரை மாத இடைவெளியில் இணையத்தில்தான் 'நான் இல்லை போடுகிறேன்' என்ற முழக்கம் வாழ்ந்தது. சாந்தியாகோ பக்கம் எதிர்ப்பு இயக்கத்தினர் வீடுகளில் போலீஸ் சோதனை நடந்தது. கட்டத்தைக் குறிக்க வைத்திருந்தது பென்சில். பேனா எடுத்துப் போங்கள் என்று 'இல்லை' தரப்பினர் சொல்லிக்கொண்டார்கள். அழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சம் ஏன் வந்தது என்று யோசியுங்கள். வெளிநாட்டில் வாழும் கியூபர்கள் கருத்துச் சொல்லலாம் என்று இணையப் படிவம் வைத்தார்கள், நல்லது. அரசுப் பணியில் போயிருந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

எதிர்த்தரப்பு வக்கீலை நீதிமன்றத்துக்குள்ளேயே விடாமல் ஒரு வழக்கை நடத்தி, தீர்ப்பை மட்டும் ஒழுங்காக எழுதிப் படித்தால் அதை நான் நியாயமான விசாரணை என்று சொல்ல மாட்டேன்.

#8 பனிக்கால மாணவன்

ஜெர்மனியில் படிக்கிறேன், கிழக்குப் பகுதியில். இந்த இழைக்குப் பொருத்தமான இரண்டு முன்கதைகள்.

கிழக்கு ஜெர்மனி 1968 ஏப்ரல் 6 அன்று சாசன வாக்கெடுப்பு நடத்தியது. அதற்கு முன் கியூபா போலவே ஊர்க் கூட்டங்கள், கடிதங்கள். மதச் சுதந்திரம் பற்றிய வாசகம் அந்த விவாதத்துக்குப் பிறகு பலப்பட்டது. பட்டியலில் உள்ள வாக்காளரில் 94.5 சதவீதம் ஆம். நான்கு லட்சத்துக்கு மேல் இல்லை. 'ஜெர்மானிய தேசத்தின் சோசலிச அரசு' என்று முதல் பிரிவு. ஆறே ஆண்டில், 1974இல், நாடாளுமன்றம் அந்த 'ஜெர்மானிய தேசம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. மக்கள் வாக்களித்த முதல் பிரிவு. யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்று போலந்து, 1987 நவம்பர் 29. இது சாசனம் இல்லை, பொருளாதார, அரசியல் சீர்திருத்தம் பற்றி இரண்டு கேள்விகள். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 'ஆம்' என்றார்கள். ஆனால் அவர்களுடைய சட்டப்படி பட்டியலில் உள்ள மொத்த வாக்காளரில் பாதிக்கு மேல் வேண்டும். கிடைத்தது 44, 46 சதவீதம். கம்யூனிஸ்ட் அரசு, தான் நடத்திய வாக்கெடுப்பில் தானே தோற்றதாக அறிவித்தது. என்னைக் கேட்டால் இந்த வகை வாக்கெடுப்புகளின் வரலாற்றில் மிக முக்கியமான நாள் அதுதான். 'இல்லை' என்று எழுதியவர்களைவிட வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

#9 கரிசல்மண்

அந்தப் போலந்துக் கதை எனக்குத் தெரியாது. நன்றி. அப்படியானால் கியூபாவில் வராமல் இருப்பதற்கும் பொருள் இருக்கிறது. கணக்கப்பிள்ளை சொன்ன 98, 74 இரண்டையும் இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

#10 தன்பெயர்

இவ்வளவு பேசியும் 68ஆம் பிரிவை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன், இது என் வாழ்க்கை சம்பந்தப்பட்டது.

2018 ஜூலையில் பேரவை ஏற்ற வரைவின் 68ஆம் பிரிவு, திருமணம் என்பது 'இரண்டு நபர்களுக்கு' இடையிலான ஒன்றிணைவு என்றது. ஆண், பெண் என்று சொல்லவில்லை. ராவுலின் மகள் மரியேலா காஸ்ட்ரோ பல வருஷம் இதற்காக உழைத்தவர். என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க அந்த வரியைப் பார்த்து அழுதோம். பிறகு கூட்டங்கள் நடந்தன. மொத்த முன்மொழிவுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்த ஒரே பிரிவைப் பற்றி: 1,92,408. அதில் 1,58,376 முன்மொழிவுகள் கேட்டது அந்த வாசகத்தை மாற்று என்று. சுவிசேஷ சபைகள் வெளிப்படையாகவே எதிர்த்தன. டிசம்பரில் அந்த வரி காணாமல் போனது. இறுதிச் சாசனத்தில் யாருக்கும் யாருக்கும் இடையே திருமணம் என்று சொல்லாத பொதுவான வாசகம். இரண்டு ஆண்டில் குடும்பச் சட்டம் எழுதி அதையும் வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று ஓர் இடைக்காலப் பிரிவு.

இரண்டு ஆண்டு என்றது மூன்றரை ஆண்டு ஆகி, 2022 செப்டம்பரில் 66.87 சதவீதத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியது. இன்று கியூபாவில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ திருமணம் செய்யலாம், குழந்தையைத் தத்தெடுக்கலாம். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு கேள்வி நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. அதே 2022 மே மாதம் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. யாரை எத்தனை வருஷம் சிறையில் போடலாம் என்ற சட்டம். அதைப் பேரவையே நிறைவேற்றிக்கொண்டது, மக்களிடம் விடவில்லை. நான் யாரைத் திருமணம் செய்யலாம் என்பதை மட்டும் அண்டை வீட்டார் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டுமா?

#11 வாய்தா அக்கா

கண்ணு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எதை மக்களிடம் கேட்பது, எதைக் கேட்காமலே செய்வது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் அங்கே உண்மையான அதிகாரம் இருக்கிறது. நான் மூன்றாவது பதிவில் சொன்ன இரண்டு பட்டியலுக்கு உங்கள் பதிவுதான் முதல் சான்று.

#12 தொழிற்சங்கத்தார் மகன்

தன்பெயர், உங்களிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. தண்டனைச் சட்டத்தையும் மக்களிடம் விட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குத் துரோகம் செய்ததாகும். 1960களிலிருந்து அமெரிக்கப் பொருளாதாரத் தடை. கப்பல்கார அண்ணன் சொன்ன அந்த 180 நாள் விதி அதில் ஒரு துளிதான். முற்றுகைக்குள் இருக்கும் ஒரு நாட்டில் 'இல்லை' என்ற குரலை, வாசலில் நிற்கும் எதிரியின் குரலாகவே பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அது சரி என்று சொல்லவில்லை. வந்த வழி அது. அந்த 'ஆம்' போட்ட 68 லட்சம் பேரில் பயத்தால் போட்டவரும் இருப்பார், பழக்கத்தால் போட்டவரும் இருப்பார். மனதார, தன் நாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று போட்டவரும் இருப்பார். அவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிவிடாதீர்கள்.

#13 முத்துநகர் கப்பல்காரன்

அண்ணன் சொல்றது சரிதான். அன்னிக்கு எங்களைத் துறைமுகத்துக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்த வண்டிக்காரர் அறுபது வயசுக்காரர். ஓட்டுப் போட்டீங்களான்னு சைகையிலயும் அரைகுறை ஸ்பானிஷ்லயும் கேட்டேன். "சி"ன்னார். ஓட்டுப் போட்டேன்ங்கிறாரா, ஆம்னு போட்டேன்ங்கிறாரா, எனக்குப் புரியல. ரெண்டாவது தடவை கேக்கல. அவர் ரோட்டையே பாத்துட்டு ஓட்டிட்டு வந்தார்.

#14 கணக்கப்பிள்ளை

கரிசல்மண் தம்பிக்கு ஒரு சேர்க்கை. 'திரும்பப் பெற முடியாதது' என்ற வாசகம் 2019இல் பிறந்ததல்ல. 1976 சாசனப்படி 10,000 வாக்காளர் கையெழுத்துப் போட்டால் மக்களே ஒரு சட்டத்தை முன்மொழியலாம். ஓஸ்வால்தோ பாயா என்பவர் அதை நம்பி வீடு வீடாகப் போய், 2002 மே 10 அன்று 11,020 கையெழுத்துகளைப் பேரவையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வரேலா திட்டம் என்று பெயர். பேச்சுரிமை, சங்க உரிமை, புதிய தேர்தல் சட்டம், இவற்றைப் பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துங்கள் என்பதுதான் கோரிக்கை.

பதில் என்ன வந்தது? ஜூன் மாதத்தில் சில நாட்களுக்குள் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கையெழுத்து. சோசலிசம் மாற்ற முடியாதது என்று சாசனத்தில் எழுது என்று. ஜூன் 26 அன்று பேரவை எழுதிவிட்டது. வாக்கெடுப்பு இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கைதான அரசு எதிர்ப்பாளர்கள் 75 பேரில் கணிசமானவர்கள் வரேலா கையெழுத்துக்காக அலைந்தவர்கள்.

கையெழுத்து வேறு, ரகசிய வாக்கு வேறு. தெரு மேசையில், பக்கத்து வீட்டார் பார்க்க, பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது ஏறக்குறைய எல்லோரும் போட்டார்கள். 17 வருஷம் கழித்துத் தனியாக மறைப்புக்குள் நின்று பென்சிலைக் கையில் எடுத்தபோது 7 லட்சம் பேர் வேறு கட்டத்தைத் தொட்டார்கள்.

#15 கரிசல்மண்

இதைப் படித்ததும் சாசனத்தைத் திரும்ப எடுத்தேன். அக்கா சொன்ன இரண்டு பட்டியல் போட்டேன். நள்ளிரவு தாண்டிவிட்டது.

2019 சாசனத்தில் மக்கள் முன்மொழிவு இருக்கிறது, எடுத்துவிடவில்லை. சாதாரணச் சட்டத்துக்குப் பழைய 10,000 கையெழுத்தே போதும். ஆனால் சாசனத்தைத் திருத்தக் கேட்க வேண்டும் என்றால் 227ஆம் பிரிவின்படி 50,000. அதையும் தேசியத் தேர்தல் மன்றத்தின் முன்னிலையில் போட வேண்டும். பாயா மாதிரி வீட்டுத் திண்ணையில் வைத்து வாங்கிக்கொண்டு போக முடியாது. அந்த 50,000 பேர் என்ன கேட்டாலும் 4ஆம் பிரிவின் பக்கம் போக முடியாது, 229 தடுக்கிறது.

2019 ஏப்ரல் 10 அன்று இந்தச் சாசனம் பிரகடனம் ஆனது. அந்தத் தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்: 1869 ஏப்ரல் 10 அன்று, ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தவர்கள் குவாய்மரோ என்ற சிற்றூரில் கூடிக் கியூபாவின் முதல் சாசனத்தை எழுதினார்கள். சரியாக 150 ஆண்டு.

தோழர், உங்கள் 68 லட்சம் பேரை நான் தள்ளிவிடவில்லை. என் குறிப்பேட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. 'இல்லை' போட்ட 7,06,400 பேருக்கு எதிர்ப் பக்கம். அதற்குக் கீழே எதையும் குறிக்காமல் மடித்துப் போட்ட 1,98,674 பேர். வரிசையில் நின்று, உள்ளே போய், வெள்ளைச் சீட்டையே பெட்டியில் போட்டுவிட்டு, பிள்ளைகள் "வோதோ!" என்று சல்யூட் வைக்க வெளியே வந்தவர்கள். அவர்களைப் பற்றி ஏதாவது படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு இப்போது அதுதான் தெரிய வேண்டும்.